மைனஸ் எடை காட்டிய பெட்டிகள்

அந்தச் சனிக்கிழமை மதியம், திரையில் ஒரு கண்டெய்னர் அடுக்கின் மொத்த எடை மைனஸில் வந்து நின்றது. மைனஸ் இருபத்தேழாயிரத்துச் சொச்சம் கிலோ. இரண்டே பெட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று. ஒவ்வொன்றும் பதினெட்டு, இருபது டன் இருக்கும். இரண்டையும் கூட்டச் சொன்னால், எங்கள் கம்ப்யூட்டர் அவற்றுக்கு எடையே இல்லை என்பதையும் தாண்டி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு அமைதியாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

என் நாற்காலிக்குப் பின்னால் மிஸ்டர் கோ நின்றிருந்தார். எங்கள் கணினிப் பிரிவின் மேலாளர். கையில் பிளாஸ்டிக் பையில் கோப்பி என்கிற காப்பி, உள்ளே ஒரு ஸ்ட்ரா. பையைக் கட்டிய சிவப்புக் கயிறு விரலில் மாட்டியிருந்தது. உறிஞ்சுவதை நிறுத்தினார்.

“மல்லிகா, பெட்டி பறக்குது லா” என்றார்.

அவர் பேசியது ஆங்கிலம், அதுவும் நம் ஊர் ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன். அந்த ‘லா’வை மட்டும் மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இல்லை.

திங்கட்கிழமை காலை, பெட்டிகள் அடுக்கும் யார்டின் சூப்பரின்டெண்டென்ட் வந்து இந்தப் புரோகிராமைப் பார்ப்பதாக ஏற்பாடு. அவர் சரி என்றால் நான் புரோகிராமர். அவர் உதட்டைப் பிதுக்கினால், டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் தயாராக வைத்திருந்த பேக்கேஜை வாங்கிப் போடுவார்கள், நான் மாடியிறங்கிப் பஞ்ச் ரூமுக்குத் திரும்ப வேண்டும். மிஸ்டர் கோ இதை என்னிடம் மூன்று மாதம் முன்பே மறைக்காமல் சொல்லியிருந்தார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

கீழ்மாடியில் ஒரு மெத்தை

போன இதழில் பஞ்ச் ரூமைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு பூன் லேயிலிருந்து ஒரு வாசகி, அந்த அட்டைகளைத் தன் பேரனுக்கு எப்படி விளக்குவது என்று கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். கெட்டியான அட்டை. தட்டச்சு மாதிரி ஒரு இயந்திரத்தில் அடித்தால் அட்டையில் ஓட்டை விழும். அந்த ஓட்டைகளைத்தான் கம்ப்யூட்டர் படிக்கும். எழுபதுகளின் பிற்பகுதி முழுவதும் நான் ஓட்டை போட்டுச் சம்பாதித்தவள்.

தஞ்சோங் பகாரில், துறைமுக வேலிக்கு வெளியே, ஒரு தனியார் கண்டெய்னர் கிடங்கு. பெயர் வேண்டாம், இப்போது அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. கீழ்மாடியில் பஞ்ச் ரூம். பன்னிரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் அடிக்கும் சத்தம் தகரக் கூரையில் மழை பெய்வது போல் இருக்கும். பக்கத்தில் இருப்பவளிடம் பேனா கேட்க வேண்டுமானாலும் கத்த வேண்டும். நான் இன்றைக்கும் தொலைபேசியில் கத்திப் பேசுகிறேன் என்று என் வீட்டுக்காரர் குறைப்படுவார். காரணம் அதுதான்.

அங்கே மேற்பார்வையாளர் கமலா அக்கா. ஒல்லியான உடம்பு, எப்போதும் கஞ்சி போட்ட காட்டன் புடவை. அட்டைக்கட்டை எடுத்து விரலால் விசிறிப் பார்த்தே எந்த அட்டையில் பிழை என்று சந்தேகப்படுவார். பாராட்ட மாட்டார். திட்டவும் மாட்டார். பிழையான அட்டையை நம் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார், திட்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

மாலை வகுப்பில் புரோகிராமிங் படித்து முடித்து, மிஸ்டர் கோவிடம் வாய்ப்புக் கேட்டு, மூன்று மாதச் சோதனைக்கு மேல்மாடிக்குப் போனேன். போகும் நாளில் என் நாற்காலியிலிருந்த மெத்தையை எடுக்கப் போனேன். தேக்கா சந்தையில் துண்டுத்துணி வாங்கி, இலவம்பஞ்சு அடைத்து நானே தைத்த பச்சை மெத்தை. கமலா அக்கா தடுத்தார்.

“இருக்கட்டும்மா, எடுக்காத. யாரும் தொட மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. இவள் எப்படியும் திரும்பி வருவாள் என்று அந்த அம்மா முடிவே கட்டிவிட்டதாக நினைத்தேன். அந்த மூன்று மாதமும் கீழ்மாடி வழியாகப் போகும்போதெல்லாம் காலி நாற்காலியும் பச்சை மெத்தையும் கண்ணில் படும். பார்க்காதது போல் போவேன், ஆனால் மேலே போய் உட்கார்ந்ததும் இன்னும் வேகமாக வேலை செய்வேன்.

டேப்பில் வந்த மொழி

மேல்மாடியில் புரோகிராமர் பிரிவு என்றால் மிஸ்டர் கோவும் நானும்தான். குளிரூட்டிய கண்ணாடி அறையில் அலமாரி உயரத்துக்கு ஒரு மினி கம்ப்யூட்டர். அதை இயக்குபவர் சேவியர் அண்ணன். மாதா கோயில் பாடகர் குழு, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை, கோயில் ஒலிபெருக்கி எல்லாமே அவர் பொறுப்பு. கம்ப்யூட்டரையும் அந்த வரிசையில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். காலையில் சுவிட்ச் போடும் முன் சிலுவை போட்டுக்கொள்வார்.

எந்த மொழியில் புரோகிராம் எழுதுவது என்பதுதான் முதல் பிரச்சினை. இயந்திரத்தோடு வந்த மொழிகள் கணக்கு எழுதத் தோதானவை, யார்டு வேலைக்கு ஒத்துவரவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று புதிதாக ஒரு மொழி செய்து, கேட்பவர்களுக்கு டேப் விலைக்கே கொடுத்துக்கொண்டிருந்தது. மிஸ்டர் கோ எழுதிப் போட்டு வரவழைத்தார். அந்த மொழியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. இப்போது அதில் எழுதுபவர் யாரும் இல்லை, சொன்னாலும் தெரியாது.

இன்றைக்கு மாதிரி பொத்தானை அமுக்கினால் மொழி வந்து உட்காராது. டேப்பில் வந்தது அந்த மொழியின் மூல வரிகள். அவற்றை நம் இயந்திரத்திலேயே கட்டி எழுப்பிக்கொள்ள வேண்டும். கட்டுவதற்கு முன்னால் ஒரு கோப்பைத் திறந்து, என்னென்ன பகுதிகள் வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

அந்தக் கோப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மொழியின் உடம்பு கட்டாயமாக வரும், அதை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. மற்றவை எல்லாம் நம் விருப்பம். வரிசைப்படுத்தும் பகுதி, தேதி பார்க்கும் பகுதி, சொற்களை வெட்டி ஒட்டும் பகுதி, திரையில் கட்டம் போடும் பகுதி, படம் வரையும் பகுதி, பின்னக் கணக்கு, பெரிய எண்கள். ஒரு பகுதிக்கு ஒரு வரி. வரியின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி. குறியை அழித்தால் அந்தப் பகுதி மொழியோடு சேரும். விட்டுவைத்தால் வெளியே நிற்கும்.

ஒரு மொழியில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்பதைத் தேக்காவில் கடைவீட்டு மாடியில் குடியிருக்கும் மல்லிகா தீர்மானிக்கிறாள். நினைத்தாலே தலை கொஞ்சம் கனத்தது. அதை ஒளிப்பானேன்.

எல்லாவற்றுக்கும் சரி சொன்ன கதை

முதல் தடவை என்ன செய்தோம் தெரியுமா? எல்லா நட்சத்திரத்தையும் அழித்தோம்.

“ஃப்ரீயாதான் குடுக்கறான். எல்லாத்தையும் போட்டுடு” என்றார் சேவியர் அண்ணன்.

“ஆமாம், பின்னால் தேவைப்பட்டால் என்ன செய்வது?” என்றார் மிஸ்டர் கோ.

இந்த ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது, கியாசு. எனக்கு மட்டும் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். கல்யாண விருந்தில் வேண்டாத பண்டத்தையும் தட்டில் குவிப்பது, வரிசை எதற்கென்று தெரியாமலே போய் நின்றுகொள்வது, எல்லாம் அந்த வகைதான். கம்ப்யூட்டர் மொழிக்கும் நாங்கள் அதையே செய்தோம்.

அரை நாள் கடகடவென்று ஓடி, கடைசியில் இடம் போதவில்லை என்று நின்றது. எங்கள் இயந்திரத்தின் நினைவகம் அவ்வளவு சின்னது. மொழி உட்கார்ந்த பிறகு மீதியிருக்கும் இடத்தில்தான் நம் புரோகிராம் உட்கார வேண்டும். மொழியே வீடு முழுக்கப் பரவிப் படுத்துக்கொண்டால் நமக்கு வாசல்படிகூட மிஞ்சாது.

பிறகு ஒவ்வொன்றாகக் கழித்தோம். படம் வரைய நம்மிடம் இயந்திரமே இல்லை, போ. பின்னக் கணக்கா? கண்டெய்னர் அரையும் காலுமாக வருமா, போ. பெரிய எண்கள்? யார்டில் இருக்கும் பெட்டிகள் சில ஆயிரம்தான், அதற்குச் சாதாரண எண்ணே ஏராளம், போ. சேவியர் அண்ணன் ஒரு படி மேலே போய், வேண்டாத பகுதிகளின் மூல வரிகளை டிஸ்க் என்னும் வட்டிலிருந்தும் துடைத்தெறிந்து இடத்தைச் சுத்தப்படுத்தினார்.

மிஞ்சியது நான்கு. வரிசை, தேதி, சொல், திரை. திரை மிஸ்டர் கோவின் செல்லப்பிள்ளை. யார்டைப் பச்சைக் கட்டங்களாகத் திரையில் காட்டி, பெட்டியின் எண்ணை மினுக்கிக் காட்டலாம். சூப்பரின்டெண்டென்ட் அதில் மயங்கிவிடுவார் என்று அவர் உறுதியாக நம்பினார்.

ரேடியோவில் சொன்ன டன்

இப்போது அந்த மைனஸுக்கு வருகிறேன்.

எங்கள் யார்டில் பாதி, கடலைத் தூர்த்து எடுத்த நிலம். தண்ணீர்ப் பக்கமாகப் போகப் போக மண் மெத்தென்று இருக்கும். ஒரு மழைக்காலத்தில் ஓர் அடுக்கு பக்கவாட்டில் சாய்ந்து, கிரேன் ஓட்டியவர் குதித்துத் தப்பினார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு இடத்துக்கும் இவ்வளவு எடைதான் என்று வரம்பு வைத்தார்கள். அடுக்கின் மொத்த எடையைக் கூட்டி, இன்னொரு பெட்டி வைக்கலாமா கூடாதா என்று சொல்வதுதான் என் புரோகிராமின் வேலை.

யார்டு ஆட்கள் வாக்கிடாக்கியில் பேசுவதை நாள் முழுக்கக் கேட்பேன். “இருபது வருது”, “பதினெட்ட மேல வை” என்பார்கள். டன்னில்தான் பேசுவார்கள், முழு எண்ணாகத்தான் சொல்வார்கள். கிரேன் சத்தத்தில் கிலோவும் கிராமும் யார் சொல்லிக்கொண்டிருப்பது? அதைக் கேட்டுக் கேட்டு, மூன்று மாதமும் சோதனைக்கு இருபது, பதினெட்டு, பதினான்கு என்றே போட்டுப் பார்த்தோம். மிஸ்டர் கோவும் அப்படித்தான் போட்டார். எல்லாம் அழகாக வேலை செய்தது.

ஆனால் கப்பலிலிருந்து வரும் காகிதத்தில் எடை கிலோவில் இருக்கும். சனிக்கிழமை ஒத்திகைக்கு நிஜக் காகிதங்களை வரவழைத்து, அதிலிருந்ததை அப்படியே அடித்தேன். பதினெட்டாயிரத்து இருநூறு. பத்தொன்பதாயிரத்து நானூறு. மொத்தம் மைனஸ்.

அந்த இயந்திரத்தில் சாதாரண எண் முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு வரைதான் போகும். அதற்கு மேல் போனால் பழைய காரின் மைல் சக்கரம் போலச் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் விழுந்துவிடும். ஒரு பெட்டி அந்த அளவுக்குள் அடங்கும். இரண்டைக் கூட்டினால் அடங்காது. அதாவது, அடுக்கு கனக்கக் கனக்க என் புரோகிராம் “இன்னும் வைக்கலாம், தாராளமாக வைக்கலாம்” என்று சொல்லியிருக்கும்.

எதை வெளியே நிறுத்துவது

மிஸ்டர் கோ கோப்பியை முடித்துவிட்டுச் சுலபமான வழி சொன்னார்.

“டன்னாக்கி அடிச்சிடு லா. யார்டில் அப்படித்தானே பேசுறாங்க.”

“யாரு டன்னாக்கறது, மிஸ்டர் கோ?”

“கீழே பஞ்ச் ரூம்ல.”

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அடிக்கும் பெண்ணுக்குக் கண்ணும் விரலும்தான் வேலை செய்யும். கண் பார்ப்பதை விரல் அடிக்கும். நடுவில் மூளையை நுழைத்து, கிலோவை டன்னாக்கு, மிச்சத்தை மேலே தள்ளு, கீழே தள்ளு என்றால் வேகமும் போகும், சரியும் போகும். நான் அந்த நாற்காலியில் வருடக்கணக்காக உட்கார்ந்தவள். தவிர, நான்கு பெட்டிகளில் ஒவ்வொன்றிலும் முக்கால் டன்னைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அந்த மெத்தென்ற மண் அதைக் கண்டுகொள்ளாமல் விடுமா?

“காகிதத்துல இருக்கறத அப்படியே அடிக்கணும். மொழியில ‘பெரிய எண்கள்’ பகுதியைச் சேத்துக் கட்டிடறேன்” என்றேன்.

“இடம்?”

“பாத்துக்கறேன்.”

“திங்கட்கிழமை காலையில” என்று நினைவுபடுத்திவிட்டுப் போனார். சனிக்கிழமை மதியத்தோடு அவர் வாரம் முடிந்துவிடும். ஞாயிறு முழுக்கக் கடல் பக்கம் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார், எந்தத் தொலைபேசியும் அவரைப் பிடிக்க முடியாது.

வீட்டுக்கு வந்து, மசாலா மில்லின் மல்லிப்பொடி வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருக்க, கூட்டிக் கழித்துப் பார்த்தேன். பெரிய எண்களை உள்ளே கொண்டுவந்தால் நான்கில் ஒன்று வெளியே போக வேண்டும். வரிசைப்படுத்தாமல் அடுக்கில் எது மேலே, எது கீழே என்று தெரியாது. தேதி இல்லாமல் பெட்டி எத்தனை நாளாக நிற்கிறது என்று தெரியாது. சொல் இல்லாமல் பெட்டியின் எண்ணையே படிக்க முடியாது. மிஞ்சியது திரை.

மிஸ்டர் கோவின் பச்சைக் கட்டங்கள். அது போனால் அழகான திரையும் போகும். கன்சோல் என்று நாங்கள் சொல்லும் அச்சடிக்கும் இயந்திரத்தில் வரி வரியாகக் காகிதத்தில்தான் பதில் வரும். பார்க்க வருபவரை மயக்க என்று வைத்திருந்ததையே எடுத்துவிட்டு, அவர் முன்னால் நிற்க வேண்டும்.

அதிக நேரம் யோசிக்கவில்லை. திரைக்கான வரிகளை எல்லாம் கோடு போட்டு அடித்துவிட்டு, அச்சு வரிகளாக மாற்றி எழுத ஆரம்பித்தேன். என் அப்பா எட்டிப் பார்த்து, “என்னம்மா, எழுதின எல்லாத்தயும் கிறுக்கித் தள்ற?” என்று கேட்டார். சரியாக வரும்ப்பா என்றேன். வரும் என்றுதான் நானும் நினைத்தேன்.

மாதா கோயில் வாசலில்

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் அறை பூட்டியிருக்கும். சாவி சேவியர் அண்ணனிடம். அவரைத் தவிர வேறு யாரும் இயந்திரத்தை எழுப்பக் கூடாது என்பது விதி. அன்றைக்குப் பார்த்து அவருடைய கோயிலில் திருவிழா.

தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். காலைப் பூசை நடந்துகொண்டிருந்தது. நெற்றியில் பொட்டும் தலையில் மல்லிகைப்பூவுமாக வாசல் மரத்தடியில் நின்றேன். உள்ளேயிருந்து தமிழ்ப் பாட்டு கேட்டது, பாட்டின் நடுவே சேவியர் அண்ணன் குரல் தனியாகத் தெரிந்தது. ஒரு அம்மா வந்து, ஏம்மா வெளியே நிக்கிற, உள்ளே வந்து உட்காரு என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்காரவைத்தார். யார், எதற்கு வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பூசை முடிந்ததும் அண்ணன் வெள்ளைச் சட்டையில் வந்தார். என்னைப் பார்த்ததுமே முகம் மாறியது.

“மெஷினுக்கு என்னாச்சு?”

“மெஷினுக்கு ஒண்ணும் இல்லண்ணே. எனக்குத்தான்.” நடந்ததைச் சொன்னேன்.

அவர் கோயில் முற்றத்தைப் பார்த்தார். சப்பரத்துக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியின் வயர் பாதி இழுத்தபடி கிடந்தது. பிரியாணி அண்டாவின் மூடியை யாரோ திறக்க, முற்றமே மணத்தது.

“சாயந்திரம் சப்பரம். அதுக்குள்ள முடியுமா?”

“ஒரு தடவ கட்டினா போதும். முடிஞ்சிடும்.”

“சரி. மைக்க தம்பிகிட்ட ஒப்படைச்சிட்டு வர்றேன். மாதாகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடறேன்.”

இரண்டு பிரியாணிப் பொட்டலத்தோடு பஸ் ஏறினோம்.

கடைசி வரி

அறையைத் திறந்து, குளிரூட்டியைப் போட்டு, அறை குளிரும்வரை வெளியே உட்கார்ந்து சாப்பிட்டோம். பிறகு கோப்பைத் திறந்தேன். ‘பெரிய எண்கள்’ வரியின் நட்சத்திரத்தை அழித்தேன். ‘திரை’யின் தலையில் நட்சத்திரத்தை வைத்தேன்.

அண்ணன் என் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஸ்கிரீன எடுத்துட்டியா? மிஸ்டர் கோ உன்ன கொன்னுடுவாரு லா.”

“நாளைக்குக் கொல்லட்டும். இன்னைக்கு இத ஓட்டுங்க.”

ஓட்டினார். கன்சோல் காகிதத்தைத் துப்பிக்கொண்டே போனது. பிற்பகல் நடுவில் ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று ஒரு வரி வந்தது. அண்ணன் காகிதத்தைக் கிழிக்கக் கை வைத்தார். அது அவர் பழக்கம், அந்த வரியைக் கண்டதும் கிழித்துக் கூடையில் போட்டுவிடுவார். என் பழக்கம் வேறு. பஞ்ச் ரூமில் கமலா அக்காவின் கீழ் வேலை பார்த்தவர்களுக்குக் கடைசி எழுத்துவரை பார்க்காமல் எதையும் விட வராது.

“இருங்கண்ணே. இன்னும் வருது.”

வந்தது. வெற்றி வரிக்குக் கீழே, சின்னதாக, வெட்கப்படுவது போல இன்னொரு வரி. பெரிய எண்கள் பகுதியின் மூல வரிகள் வட்டில் காணப்படவில்லை, அதனால் அதைச் சேர்க்காமல் கட்டி முடித்திருக்கிறேன் என்றது. மூன்று மாதம் முன்பு அண்ணன் துடைத்தெறிந்தாரே, அதில் அதுவும் போயிருந்தது. கேட்டது கிடைக்கவில்லை என்று சண்டை போடாமல், இல்லாமலே சமைத்துவிட்டு வெற்றி என்று பரிமாறும் குணம் அந்த மொழிக்கு.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. “நான்தான் தொடச்சேன்” என்றார்.

“நான் ஒண்ணும் தடுக்கலையே. டேப்பு ராக்கிலதான இருக்கு, எடுங்க.”

டேப்பை மாட்டி, அந்தப் பகுதியை மட்டும் வட்டில் இறக்கி, மறுபடி கட்டினோம். அவர் சப்பரத்தை நினைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பதும், நான் பார்க்காதது போல் இருப்பதுமாக நேரம் போனது. இரண்டாவது முறை வெற்றி வரிக்குக் கீழே வெறும் காகிதம்தான் வந்தது. மாற்றி எழுதிய வரிகளை ஏற்றி, அதே இரண்டு பெட்டிகளைப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தேழாயிரத்து அறுநூறு. அந்த எண்ணை அவ்வளவு சந்தோஷத்தோடு அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அண்ணன் அறையைப் பூட்டிவிட்டு ஓடினார். சப்பரம் கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாராம்.

திங்கட்கிழமை

சூப்பரின்டெண்டென்ட் பெயர் ரஹ்மான், மலாய் மரியாதைப்படி என்சிக் ரஹ்மான். பூட்ஸில் யார்டு மண்ணோடு குளிரூட்டிய அறைக்குள் வந்த ஒரே மனிதர். துறைமுகப் பக்கத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவர், அதிகம் பேச மாட்டார்.

மிஸ்டர் கோ அவரை அழைத்துக்கொண்டு முன்னால் வந்து திரையைப் பார்த்தார். திரை கறுப்பாக இருந்தது. என்னைப் பார்த்தார்.

“ஸ்கிரீன் எங்கே லா?” என்றார், உதடு அசையாமல்.

“இடம் பத்தல. எடுத்துட்டேன்.”

அவர் காது சிவந்தது. அங்கே வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நான் என்சிக் ரஹ்மானைக் கன்சோல் பக்கம் வரச் சொன்னேன். குரல் பஞ்ச் ரூம் குரலாக உரக்க வந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்தார். கடலோர வரிசையில் ஓரிடம். ஏற்கெனவே மூன்று பெட்டிகள். நான்காவது ஒன்று வைக்கலாமா?

காகிதத்தில் இருந்ததை இருந்தபடியே அடித்தேன். கன்சோல் தடதடத்தது. ஒவ்வொரு பெட்டியின் எடை, மொத்தம், அந்த இடத்தின் வரம்பு, கீழே ‘வைக்கக் கூடாது’.

அவர் குனிந்து மொத்தத்தை விரலால் தொட்டுப் படித்தார். மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, தன் காகிதத்தின் ஓரத்தில் தானே கூட்டிப் பார்த்தார்.

“பெத்துல்” என்றார். மலாயில், சரி என்று அர்த்தம். “அந்த இடம் போன மழையில் இறங்கினது. எனக்குத் தெரியும். இதுக்கும் தெரியுது.”

இன்னும் மூன்று நான்கு இடம் கேட்டார். கனமானதாகவே பார்த்துப் பொறுக்கிக் கேட்டார். எல்லாம் சரியாக வந்தது. முடிந்ததும் கன்சோல் காகிதத்தை அவரே கிழித்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மிஸ்டர் கோ மெல்ல, “அடுத்த முறை ஸ்கிரீனில் படமாகவே காட்டுவோம்” என்றார்.

“ஸ்கிரீனை நான் கிரேன் ஓட்டுறவனுக்கு எப்படிக் குடுக்கறது? பேப்பர் போதும்” என்று சொல்லிவிட்டு, மண் தடத்தைத் தரையில் விட்டுவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் மிஸ்டர் கோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?”

கொஞ்சம் யோசித்தார். “மாட்டேன்” என்றார். பிறகு தொலைபேசியை எடுத்து, அந்த டை கட்டிய ஆளிடம் இனி வர வேண்டாம் என்று சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

மெத்தை

நான் அப்போதே கீழே இறங்கினேன். கமலா அக்காவின் முன்னால் போய் நின்று, அந்தப் பச்சை மெத்தையை அவர் கண்ணெதிரே எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று மூன்று மாதமாக ஆசை. என்ன சொல்ல வேண்டும் என்பதைக்கூட மனதில் தயாராக வைத்திருந்தேன்.

என் நாற்காலியில் ஒரு புதுப்பெண் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். மெத்தையின் மேல்தான்.

“இது யாருக்கா?” சத்தத்தில் கத்தித்தான் கேட்டேன்.

“உன் எடத்துக்கு வந்திருக்கா. காலையில எட்டு மணிக்குச் சேந்தா.”

“எட்டு மணிக்கா? சூப்பரின்டெண்டென்ட் மேல வந்ததே பத்து மணிக்கு மேலதானேக்கா. அப்ப எனக்கே தெரியாதே.”

“உனக்குத் தெரியாது” என்றார் கமலா அக்கா. கையிலிருந்த அட்டைக் கட்டை மேசையில் தட்டி நேராக்கினார். “நான் போன மாசமே ஆபீஸ்ல சொல்லிட்டேன், மல்லிகா வரமாட்டா, வேற ஆளு குடுங்கன்னு.”

தயாராக வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டு மெத்தையைக் காட்டினேன்.

“அப்புறம் ஏன் மெத்தைய எடுக்க விடல?”

“அடுத்து வர்றவளுக்கு முதுகு வலிக்கக் கூடாதுல்ல. நீதான் மேல போய் புதுசு தச்சுக்குவியே.” விசிறிப் பார்த்த கட்டிலிருந்து ஒரு அட்டையை உருவி, புதுப்பெண்ணின் மேசையில் வைத்தார். “போ லா. வேலை நேரத்துல இங்க என்ன?”

நான் வெறுங்கையோடு படியேறினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போய் இலவம்பஞ்சும் அரை கெஜம் சிவப்புத் துணியும் வாங்கி வந்தேன்.